கொய்யா மலத்தை இளக்குமா, கட்டுமா? நார்ச்சத்து, துவர்ப்பு, சீனக் கொய்யா பற்றி ஒரு கேள்வி

மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 68 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்து வருகிறார். ஆறு மாதங்களாக மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. நார்ச்சத்து மிகுந்த உணவைக் கூட்டிக்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் கேட்க அன்று நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் பாட்டனார் வைத்த கொய்யா மரம் ஒன்று உள்ளது. உள்ளே வெள்ளைச் சதை கொண்ட வகை. உறவினர் ஒருவர், பழங்களிலேயே நார் மிகுந்தது கொய்யாதான் என்று சொல்ல, அப்பா அன்று முதல் நாள்தோறும் இரண்டு மூன்று பறித்துத் தின்னத் தொடங்கினார். நம் ஊர் வழக்கப்படி, இன்னும் கடிப்பதற்கு உறுதியாக இருக்கும்போதே நறுக்கி, உப்பும் இடித்த மிளகாயும் தொட்டுக்கொள்கிறார். மூன்று வாரங்கள் ஆகியும் சிக்கல் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. அம்மாவோ, கொய்யா மலத்தைக் கட்டும் என்பது தன் தாயார் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி என்றும், அதன் விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்றும் கூறி, அப்பாவின் கையிலிருந்து பழத்தைப் பிடுங்காத குறையாக நிற்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் சென்று, நாம் கிரியோலில் கொயாவ் தெ சின் என்று சொல்லும் சிவப்புச் சீனக் கொய்யாவை இரண்டு வாளி நிறையப் பறித்து வந்தோம். இந்தச் சின்னப் பழத்தில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் மிகுதி என்கிறார்கள். அது உண்மையா? அப்பாவுக்கு அதைக் கொடுக்கலாமா? ஜெல்லியாகக் காய்ச்சி வைத்தால் அந்தச் சத்து நிற்குமா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


ரோஸ் ஹில் வாசகர்:

அம்மா, பழத்தைவிடக் கொய்யா இலைதான் நீரிழிவுக்குச் சிறந்தது. பத்து இலைகளைக் கொதிக்க வைத்து வடிகட்டிக் காலையும் மாலையும் கொடுங்கள். என் மாமியாருக்குக் கொடுத்தோம். சர்க்கரை அளவு இறங்கியதைக் கண்ணாரக் கண்டோம். ஜப்பானிலேயே இந்த இலைத் தேநீரை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று படித்திருக்கிறேன். வயிற்றுக்கும் நல்லது.


ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

உங்கள் தாயாரும் உறவினரும் இரு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. தாயார் சொல்வது கொய்யாக்காயைப் பற்றியது. உறவினர் சொல்வது கொய்யாப்பழத்தைப் பற்றியது. காய் என்றும் செங்காய் என்றும் பழம் என்றும் நம் மொழி மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதை, பிரெஞ்சிலும் கிரியோலிலும் பேசிப் பழகிய நாம் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். உங்கள் தந்தையார் உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது செங்காய். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் நாரைப் பார்ப்போம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 5.4 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதே எடையுள்ள ஆரஞ்சிலும் தோலுடன் கூடிய ஆப்பிளிலும் சுமார் 2.4 கிராம்தான், வாழைப்பழத்தில் 2.6 கிராம். எனவே நாம் அன்றாடம் உண்ணும் பழங்களோடு ஒப்பிட்டால் உறவினர் சொன்னது பொருந்தும். இந்த நாரில் பெரும்பகுதி நீரில் கரையாதது. செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகியவை சேர்ந்த இப்பகுதி குடலுக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தின் அளவைப் பெருக்கி, அது விரைந்து நகர உதவுகிறது. எஞ்சியிருக்கும் கரையும் நாரில் முதன்மையானது பெக்டின். அது கூழ்போல் ஆகி, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது; பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் ஆகிறது.

இனித் துவர்ப்பு. பழுக்காத கொய்யாவைக் கடித்தவுடன் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா, அதற்குக் காரணம் டானின்; பாலிஃபீனால் எனப்படும் தாவர வேதிப்பொருள்களில் அது ஒரு வகை. அது உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்துகொள்வதால் வாய் வறண்டதுபோல் தோன்றுகிறது. குடலுக்குள்ளும் அது புரதங்களைப் பிணைக்கும், நீர்ச் சுரப்பைக் குறைக்கும். வயிற்றுப்போக்கு கண்டவருக்குக் கொய்யாப் பிஞ்சையோ இலைக் கொழுந்தையோ கொடுக்கும் பழைய வழக்கம் பல நாடுகளில் இருப்பதற்கு இதுவே அடிப்படை. அப்படியானால் மலம் இறுகிப்போன ஒருவர் துவர்ப்பு மிகுந்த செங்காயை நாளுக்கு மூன்று தின்றால், அதிலுள்ள நார் செய்ய வேண்டிய நன்மையைத் துவர்ப்பு பெரும்பாலும் தடுத்துவிடக்கூடும். காய் பழுக்கும்போது கரையும் டானின்கள் குறைந்து துவர்ப்பு அடங்குகிறது. நாரோ அப்படியே பெருமளவு நிற்கிறது. உங்கள் தாயாரின் தாயார் தம் அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

சீனக் கொய்யா பற்றிய கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது, ஏனெனில் அதற்கு விடை தேடியவர்கள் நம் தீவிலேயே இருக்கிறார்கள். மொரீஷியஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே உண்ணப்படும் 17 வகைப் பழங்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல், அதாவது நீங்கள் கேட்ட ஆன்டிஆக்ஸிடன்ட் தன்மை, மிகுந்தவையாக அவர்கள் கண்டவை சிவப்பும் மஞ்சளுமான சீனக் கொய்யா, காரம்போல் என்று நாம் சொல்லும் விளிம்பிக்காய் (நட்சத்திரப் பழம்), ஜம்ப்லோங் எனப்படும் நாவல், வெள்ளைச் சதைக் கொய்யா ஆகியவை. உங்கள் கொல்லையிலுள்ள வெள்ளைக் கொய்யாவும் அந்த வரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். சதை சிவந்திருந்தால்தான் சத்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இளஞ்சிவப்புக் கொய்யாவுக்கு நிறம் தரும் லைக்கோபீன் வெள்ளைச் சதையில் ஏறக்குறைய இல்லை என்பது உண்மைதான். ஆயினும் வெள்ளைக் கொய்யாவின் வலிமை வேறிடத்திலிருந்து வருகிறது.

எங்கிருந்து என்பதும் அதே ஆய்வில் தெரிகிறது. பழங்களின் தடுப்பாற்றல் அவற்றிலுள்ள மொத்தப் பாலிஃபீனால்களோடும், குறிப்பாகப் புரோஆந்தோசயனிடின் என்னும் துவர்ப்புப் பொருள்களோடும் நெருங்கி ஒத்துப்போயிற்று. வைட்டமின் சியோடு அந்த ஒற்றுமை மிகக் குறைவாகவே இருந்தது. சீனக் கொய்யாவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 100 கிராம் சாதாரணக் கொய்யாவில் ஏறத்தாழ 228 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சைப்போல் நான்கு மடங்கு. சீனக் கொய்யாவிலோ சுமார் 37 மில்லிகிராம்தான். இருந்தும் தடுப்பாற்றலில் அது முன் வரிசையில் நிற்கிறது. அதாவது எந்தத் துவர்ப்பு உங்கள் தந்தையாருக்கு இடையூறாக இருக்கிறதோ, அந்தத் துவர்ப்பேதான் நீங்கள் கேட்கும் ஆன்டிஆக்ஸிடன்டின் பெரும்பகுதி.

2001ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கொய்யாவின் தோலையும் சதையையும் உலர்த்திச் சோதித்தபோது, உலர் எடையில் ஏறத்தாழப் பாதி நார்ச்சத்தாகவே இருந்தது. அதனுடன் பாலிஃபீனால்களும் மிகுதியாகக் கிடைத்தன. ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றல் உடைய நார் என்று அதை அவர்கள் குறித்தார்கள். இப்படி நாரோடு ஒட்டிய பாலிஃபீனால்கள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களால் விடுவிக்கப்படுகின்றன. எனவே கொய்யாவைத் தோல் சீவி உண்பது பெரும் இழப்பு. வைட்டமின் சியும் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும்தான் மிகுதி.

ஒரு கருத்தையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். சோதனைக் குழாயில் அளக்கப்படும் தடுப்பாற்றல் வேறு, உடலுக்குள் நிகழ்வது வேறு. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் தடுப்பாற்றலை எண்களாகப் பட்டியலிட்டு வைத்திருந்த தன் தரவுத் தொகுப்பை 2012இல் விலக்கிக்கொண்டது, அந்த எண்களை விளம்பரங்கள் தவறாகப் பயன்படுத்தியதும் உடல்நலத்தோடு அவற்றின் தொடர்பு உறுதிப்படாததும் அதற்குக் காரணங்கள். எனவே எந்தப் பழத்தில் எண் பெரிது என்று அலைவதைவிட, மலச்சிக்கலைத் தீர்க்கும் நாரை நாள்தோறும் ஒழுங்காகக் கொடுப்பதையே நான் முதன்மையாகக் கொள்வேன்.


உணவியல் ஆலோசகர்:

ஆசிரியர் ஐயா எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. நான் மருத்துவமனையில் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்பவள் என்பதால், பழத்தைவிட உங்கள் தந்தையாரைப் பற்றியே எழுதுகிறேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 68 வயதில், முன்பு இல்லாத மலச்சிக்கல் ஆறு மாதமாக நீடிக்கிறது என்றால், அதை உணவால் மட்டும் சரிசெய்ய முயலக் கூடாது. மலத்தில் இரத்தம், எடை குறைதல், இரத்தசோகை ஆகியவற்றில் எதுவும் இருக்கிறதா என்று பார்த்து, பெருங்குடல் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். பல ஆண்டு நீரிழிவே குடல் நரம்புகளைத் தளர்த்திவிடுவதும் உண்டு. அன்று நேரம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அளவைப் பற்றி. பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 100 கிராம் எடையுள்ள நன்கு பழுத்த ஒரு கொய்யா அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தருகிறது. மீதி நான்கு பங்கும் பருப்பு, அவரை வகைகள், முழுத் தானியம், கீரை ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். நம் சந்தைகளில் பிரேத் முரூம் என்று விற்கும் முருங்கைக்கீரையை வாரத்தில் இரண்டு மூன்று முறை சமைக்கலாம். (கிரியோல் மொழி நம் முருங்கையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நோயாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.) நாரைத் திடீரென்று கூட்டினால் வாயு சேர்ந்து வயிறு உப்பும், இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் உடன் கூட்டாவிட்டால் நாரே மலத்தை இறுக்கிவிடும். தந்தையார் பழத்தை மட்டும் தின்று தண்ணீர் குடிக்க மறக்கிறாரா என்பதைக் கவனியுங்கள், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, 100 கிராம் கொய்யாவில் சுமார் 9 கிராம் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. நார் உடன் இருப்பதால் அது மெதுவாகவே ஏறும். ஆகவே நாளுக்கு ஒரு பழம், தோலோடு, உணவுக்குப் பின்னோ இடைவேளையிலோ உண்ணலாம். சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார் சக்கையோடு போய்விடும். புட்டியில் வரும் கொய்யாச் சாற்றில் பெரும்பாலும் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். உப்பு தொட்டுக்கொள்வதை விட்டுவிடச் சொல்லுங்கள். நீரிழிவோடு இரத்த அழுத்தமும் சேர்ந்து வரும் வயதில் அந்த உப்பு தேவையற்றது.

சிறுநீரகப் பரிசோதனை அண்மையில் செய்யப்பட்டதா? 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 417 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இது கணக்கில் வைக்க வேண்டிய அளவு. அதைவிட முக்கியமாக, ஆசிரியர் ஐயா பட்டியலில் சொன்ன விளிம்பிக்காயைச் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டுகூட உண்ணக் கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்னும் பொருளைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாதபோது அது மூளையைத் தாக்கி, விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பாற்றல் பட்டியலில் மேலே இருக்கிறது என்பதற்காக யாரும் அதைச் சாறு பிழிந்து கொடுத்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

விதை பற்றி உங்கள் தாயார் கவலைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பழ விதையால் குடல்வால் அழற்சி வருவது மிக மிக அரிது. ஆனால் நீண்டகால நீரிழிவால் இரைப்பை மெதுவாகக் காலியாகும் நிலை உள்ளவர்களும், ஏற்கெனவே மலம் கெட்டியாகத் தங்கியிருப்பவர்களும் நிறைய விதைகளை விழுங்கினால் அவை திரண்டு அடைபடக்கூடும். அத்தகையவர்கள் நடுவிலுள்ள விதைப் பகுதியை எடுத்துவிட்டுத் தோலையும் சதையையும் உண்ணலாம்; அவற்றிலும் நார் உண்டு. தந்தையாருக்கும் இப்போதைக்கு அப்படியே கொடுங்கள்.

ரோஸ் ஹில் அன்பருக்கு: கொய்யா இலைத் தேநீர் ஒன்றுக்கு ஜப்பான் 2000ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது உண்மை. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும் தேநீர் என்ற அளவில், குறிப்பிட்ட தயாரிப்புக்குக் குறிப்பிட்ட அளவில் தரப்பட்ட அனுமதி அது. வீட்டில் பத்து இலையைக் கொதிக்க வைக்கும் கஷாயத்தின் செறிவு நமக்குத் தெரியாது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். மேலும் இலையில் டானின் மிகுதி. மலச்சிக்கல் உள்ளவருக்கு அது ஏற்றதன்று.


சூயாக் தோட்டக்காரர்:

நான் படித்தவள் அல்லள், ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் கொய்யா மரத்தோடு வாழ்பவள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கொய்யாவைச் செங்காயிலேயே பறிப்பதற்குச் சுவை மட்டும் காரணமன்று. பழுக்க விட்டால் பழ ஈ குத்திப் புழு வைத்துவிடும் என்ற பயம்தான் பெரிய காரணம். தோலில் ஊசி குத்தியதுபோல் சிறு கரும்புள்ளி இருந்து, அதைச் சுற்றி மெத்தென்று அமுங்கினால் உள்ளே புழு இருக்கும். காய் எலுமிச்சை அளவு வளர்வதற்குள் காகிதப் பையோ பழைய துணிப் பையோ கட்டிவிட்டால் ஈ அண்டாது. உதிர்ந்த பழங்களை மரத்தடியில் கிடக்க விடாமல் அன்றன்றே அகற்றுங்கள், இல்லாவிட்டால் அவற்றிலிருந்து அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். கரும்பச்சை மாறி வெளிறிய மஞ்சள் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். மணம் அறை முழுக்கப் பரவும்போது எடுத்துக் கொடுங்கள், துவர்ப்பு தங்காது.

ஜெல்லியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனக் கொய்யாவில், நன்கு பழுத்ததோடு கொஞ்சம் செங்காயும் சேர்த்து வேக வைத்தால்தான் ஜெல்லி உறையும், ஏனென்றால் பெக்டின் செங்காயில்தான் திடமாக இருக்கும். அதைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, வடிந்த சாற்றுக்குச் சம அளவு சர்க்கரை போட்டுக் காய்ச்சுகிறோம். நீங்கள் தேடும் நாரில் பெரும்பகுதி அந்தத் துணிக்குள் சக்கையாகத் தங்கிவிடுகிறது, தந்தையாரின் கிண்ணத்துக்கு வருவது பெரும்பாலும் சர்க்கரைதான். பேரப்பிள்ளைகளுக்கு வையுங்கள், அவருக்கு வேண்டாம். வாளியிலுள்ளவற்றில் நன்கு கறுத்துச் சிவந்து கனிந்தவற்றைப் பொறுக்கி, ஒரு கைப்பிடி மட்டும் அப்படியே கொடுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். சீனக் கொய்யா பிரேசிலிலிருந்து வந்த செடி. நம் காட்டின் நாட்டு மரங்களின் கன்றுகள் முளைக்க இடமில்லாதபடி அது அடர்ந்து மூடிவிட்டது. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் அதை வெட்டி அகற்றுவதற்கு எவ்வளவு உழைக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். குரங்கும் காட்டுப்பன்றியும் பறவைகளும் விதையைப் பரப்புவது போதாதென்று நாமும் பரப்பக் கூடாது. பறிப்பதில் குற்றமில்லை, சக்கையையும் விதையையும் காட்டோரத்திலோ ஆற்றோரத்திலோ கொட்டிவிடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து வேக வைத்த பிறகே எருக்குழியில் போடுங்கள்.


காத்ர் போர்ன் மகள்:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டே சென்றோம். பெருங்குடல் பரிசோதனையில் கவலைப்படும்படி எதுவும் இல்லை என்றார்கள். சிறுநீரகமும் நன்றாக இயங்குகிறது. மலத்தை இறுக்கிய மாத்திரை ஒன்றை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். எனவே அப்பா தேறியதற்குக் கொய்யாதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் இப்போது காலையில் நன்கு பழுத்த ஒரு பழம், விதைப் பகுதி நீக்கித் தோலோடு, உப்பில்லாமல். உடன் இரண்டு குவளைத் தண்ணீர். மதியம் பருப்பும் கீரையும் என்று நடக்கிறது. வாரத்தில் ஐந்து ஆறு நாள் சிரமமின்றிக் கழிகிறது. காய் வேறு பழம் வேறு என்று ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார்; இப்போது பழங்களுக்குப் பை கட்டுபவரே அவர்தான்.

கடைசியாக ஒன்று. மரத்தில் ஒரே நேரத்தில் நிறையப் பழுக்கின்றன. குளிர்காலத்துக்கு உறைபெட்டியில் வைத்தால் சத்து கெடுமா?


ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

நல்ல செய்தி, அம்மா. தாராளமாக வைக்கலாம். கழுவித் துடைத்து, விதைப் பகுதியை நீக்கி, தோலோடு துண்டுகளாக்கிக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து உறைய வையுங்கள். நாருக்கு எந்தக் குறைவும் வராது. வைட்டமின் சியும் காய்ச்சுவதைவிட உறைய வைப்பதில் நன்றாகவே நிற்கும். உருக விட்டால் சதை குழைந்துவிடும் என்பதால், வேண்டிய அளவு மட்டும் எடுத்து, சர்க்கரை சேர்க்காத தயிரோடு அரைத்து, வடிகட்டாமல் கொடுங்கள். பையின் மேல் தேதியை எழுதி, பழையதை முதலில் எடுங்கள்.